வயதும் வியாதியும் உள்ளவர் மிஷனரியாகப் போக: படிப்படியான ஆயத்தம்

58 அல்லது 60 வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டு, இனியாவது பணித்தளத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கான அத்தியாயம் இது. இளவயதிலேயே சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு என்று ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டு, "என்னை எந்த மிஷனரிச் சங்கம் எடுத்துக்கொள்ளும்?" என்று தயங்குகிறவர்களுக்கும் இதே வழிதான். அழைப்பின் இறையியலை வேறு நூல்களில் படித்துக்கொள்ளலாம். இங்கே செய்யவேண்டிய வேலைகளை மட்டும் வரிசையாகப் பார்ப்போம்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். நோயைவிட, நோயை மறைப்பதில்தான் ஆபத்து அதிகம். சர்க்கரை இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போகிறவருக்குத் தக்க ஊரையும் தக்க வேலையையும் பார்த்துக் கொடுக்க முடியும். சொல்லாமல் போகிறவர் மயங்கி விழும் நாளில், பஸ் போகாத ஊரிலிருந்து அவரைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியவர்கள் அந்த ஊர் ஏழைகள்.

திருநெல்வேலிப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவுக்குப் போக ஆயத்தமாக இருந்தவரை 1892-இல் சைனா இன்லாந்து மிஷன் உடல்நிலை காரணமாக அனுப்பவில்லை. பின்பு ஜப்பானுக்குப் போனார். ஒன்றேகால் ஆண்டில் உடல் கெட்டுத் திரும்பினார். மிஷன் சொன்ன காரணத்தில் பொய் இல்லை என்பதை இது காட்டுகிறது. ஆனால் 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-இல் இறக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1931-இல் களக்காட்டில் குழியில் விழுந்து அடிபட்ட பிறகு, ஏறக்குறைய 20 ஆண்டுகள் டோனாவூரில் ஓர் அறைக்குள்ளிருந்தே எழுதினார், வழிநடத்தினார். ஒரு சங்கம் "இல்லை" என்றால், அது அந்த இடத்துக்கும் அந்த வேலைக்கும் சொன்ன "இல்லை". உங்கள் வாழ்நாள் முழுவதற்கும் சொன்னது அல்ல.

படி 1: சபையிடம் சொல்லுங்கள்

வீட்டில் மனைவி அல்லது கணவரிடம் பேசிய பிறகு, அடுத்துப் பேசவேண்டியவர் உங்கள் ஆயர். சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதுவது அதற்குப் பிறகு.

1. ஆயரிடமும், உங்களை நன்றாகத் தெரிந்த மூன்று நான்கு பேரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். "நான் போகட்டுமா?" என்று கேட்டால் எல்லாரும் ஜெபிக்கிறோம் என்பார்கள். "என்னிடம் எந்த வேலையை நம்பிக் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள்.
2. இப்போது சபையில் என்ன செய்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஞாயிறு பள்ளியோ, ஆஸ்பத்திரி சந்திப்போ, கிராம ஊழியமோ எதுவுமே இல்லையென்றால் ஓராண்டு இங்கேயே ஏதாவதொன்றில் இறங்குங்கள்.
3. பிள்ளைகளிடம் நேரில் சொல்லுங்கள். "இந்த வயதில் எதற்கு?" என்று அவர்கள் கேட்பது பெரும்பாலும் பயத்தினால். பின்னால் வரும் காப்பீட்டு விவரத்தையும் திரும்பும் திட்டத்தையும் காட்டினால் பாதிப் பயம் போய்விடும்.

துணை இழந்த ஓராண்டுக்குள் முடிவெடுக்காதீர்கள். துக்கம் ஊழிய வாஞ்சையைப் போலவே தோன்றும். ஓராண்டு கழித்தும் அந்த வாஞ்சை நின்றால் தாராளமாகத் தொடருங்கள்.

படி 2: உடலை முழுதாகச் சோதித்துக்கொள்ளுங்கள்

இந்த அத்தியாயத்தில் அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் இது. தெரிந்த டாக்டரிடம் போய் "ஃபிட்னஸ் சர்டிபிகேட் கொடுங்கள்" என்று வாங்கிவருவது பரிசோதனை ஆகாது. உங்கள் பழைய ரிப்போர்ட்டுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். போகவிருக்கும் இடம் எப்படிப்பட்டது, அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம், அங்கே மலேரியா உண்டா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, அதற்கேற்பக் கருத்துக் கேளுங்கள்.

கேட்டு எடுக்கவேண்டியவை:

1. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1.சி), கிரியேட்டினின், சிறுநீரில் புரதம். ஒருநாள் சாப்பிடாமல் இருந்து எடுக்கும் சர்க்கரையை மட்டும் நம்பவேண்டாம்.
2. ஈ.சி.ஜி., எக்கோ. மலைப்பகுதி என்றால் டிரெட்மில் சோதனை தேவையா என்று கேளுங்கள்.
3. சர்க்கரை உள்ளவர்களுக்கு விழித்திரைச் சோதனையும் பாத உணர்ச்சிச் சோதனையும்.
4. கண்புரை. இருந்தால் அறுவையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போய்வரும் ஊரில் அரைகுறைப் பார்வையோடு இருட்டில் நடப்பதுதான் எலும்பு முறிவுக்கு வழி.
5. காது. இதை ஏறக்குறைய யாரும் எடுப்பதில்லை. 60 வயதுக்குமேல் புது மொழி வரவில்லை என்று வருந்தும் பலருக்குப் பிரச்சினை மூளையில் இல்லை. நுண்ணிய ஒலிகள் காதில் விழுவதில்லை. காதொலிக் கருவி வேண்டுமென்றால் வாங்கிப் பழகிக்கொண்டு மொழிப் பயிற்சியைத் தொடங்குங்கள்.
6. பல். ஆட்டம் காணும் பல், சொத்தை எல்லாவற்றையும் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே சரிசெய்யுங்கள்.
7. ஜி.6.பி.டி. இரத்தச் சோதனை. மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுயின் மாத்திரை, இந்த நொதி குறைவாக உள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். ஒருமுறை எடுத்து முடிவை அட்டையில் எழுதி வைத்தால் போதும்.
8. தடுப்பூசிகள்: டெட்டனஸ், டைபாய்டு, மஞ்சள் காமாலை பி, இன்ஃப்ளுயன்சா, நிமோகாக்கல். எது உங்களுக்கு வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார்.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 60 வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியின் பக்கவிளைவு அதிகம் என்பதால், வரிசையில் நிற்குமுன் உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுப் போங்கள்.

இப்போதைக்குப் போகக்கூடாதவர்கள்

இதை எழுத மனம் கனக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விடக்கூடாது. மாரடைப்பு வந்தோ ஸ்டென்ட் வைத்தோ ஓராண்டு முடியாதவர்கள், கடைசி வலிப்பு வந்து சில மாதங்களே ஆனவர்கள், மன அழுத்த மருந்தின் அளவு இன்னும் மாறிக்கொண்டே இருப்பவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள் காத்திருக்க வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டு, அதன் அளவை அறிய அடிக்கடி ஐ.என்.ஆர். இரத்தச் சோதனை பார்ப்பவர்களும் ஆய்வகமும் மருத்துவமனையும் உள்ள நகரத்தைவிட்டு விலகக்கூடாது. நகரத்திலும் வேலை நிறைய இருக்கிறது. அடுத்த படியில் பார்ப்போம்.

தைராய்டு, கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தம், மாத்திரையில் அடங்கும் சர்க்கரை, மூட்டுவலி, இன்ஹேலரில் அடங்கும் ஆஸ்துமா ஆகிய எதுவும் தானாக ஒருவரைத் தடுப்பதில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவும், அவ்வளவுதான். ஆஸ்துமா உள்ளவர் விறகடுப்புப் புகை நிறைந்த குடிசையில் தங்குவது சரிவராது. முழங்கால் மடங்காதவருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வீடு வேண்டும். அதைக் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள். இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைக் கையோடு கொண்டுபோங்கள்.

படி 3: உடலுக்கேற்ற வேலையைத் தேடுங்கள்

மிஷனரி என்றதும் மலையேறிக் கிராமம் கிராமமாய் நடப்பவர்தான் கண்முன் வருகிறார். அவரைத் தாங்கி நிறுத்த ஏழெட்டு வேலைகள் பின்னால் நடக்கின்றன. அவற்றுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

பாளையங்கோட்டை சாராள் டக்கர் கல்லூரியின் பெயருக்குரியவர் இந்தியாவுக்கே வராதவர். உடல் ஊனமுற்ற ஆங்கிலேயப் பெண். சென்னையில் பணியாற்றிய தம் சகோதரர் எழுதிய கடிதங்கள் வழியாக இங்குள்ள பெண்களின் நிலையை அறிந்து, அவர்களுடைய கல்விக்காகப் பணம் திரட்டினார். வர முடியாதது அவருக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

உங்கள் தொழிலிலிருந்து தொடங்குங்கள்:

• வங்கி, கருவூலம், தணிக்கை அலுவலகத்தில் இருந்தவர்கள்: பணித்தளக் கணக்கு, வருமான வரிப் படிவங்கள், சொத்து ஆவணங்கள். இளம் மிஷனரிகள் பலரும் இதில்தான் திணறுகிறார்கள்.
• ஆசிரியர்கள்: மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளிகளும் விடுதிகளும். டோனாவூரிலுள்ள சந்தோஷ வித்யாலயா போன்ற இடங்களில் பெற்றோரை ஆண்டுக்கு ஓரிருமுறை மட்டுமே பார்க்கும் குழந்தைகள் படிக்கிறார்கள். அங்கே தாத்தா பாட்டி வயதுள்ளவர்கள் இருப்பதே பெரிய ஆறுதல். போலீஸ் சரிபார்ப்புச் சான்றும், குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்தும் கேட்பார்கள். மனத்தாங்கல் இல்லாமல் கொடுங்கள்.
• செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பனர்: வட மாநில மிஷன் மருத்துவமனைகள். இரவுப் பணி முடியாதென்றால் முதலிலேயே சொல்லிவிடலாம்.
• எலெக்ட்ரீஷியன், கொத்தனார், டிரைவர்: மூன்று மாதம், ஆறு மாதம் என்று பருவத்துக்குப் போய்வரும் வேலை.
• பயணமே முடியாதவர்கள்: பணித்தளத்துக் கடிதங்களைத் தமிழாக்குவது, மொழிபெயர்ப்பு மெய்ப்புப் பார்ப்பது, வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வேலூர் வரும் பணித்தள மக்களுக்குத் துணை நிற்பது. காட்பாடியில் ரயில் இறங்கும் ஜார்க்கண்ட் குடும்பத்துக்கு, இந்தியோ வங்காளமோ பேசத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெரியவர் கூட நின்றாலே அது முழு ஊழியம்.

படி 4: சங்கத்திடம் பேசுவது

இங்கே நம் சொந்தச் சங்கங்களே பல உண்டு. திருநெல்வேலியில் 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கமும், 1905-இல் செராம்பூரில் தொடங்கிய தேசிய மிஷனரி சங்கமும் நூற்றாண்டைக் கடந்தவை. ஒவ்வொரு சங்கத்துக்கும் வயது வரம்பு, மருத்துவ விதி, பயிற்சிக் காலம் வேறுவேறு. அச்சிட்ட விதியில் வயது 35 என்று இருந்தாலும் சோர்ந்துபோகவேண்டாம். அது பெரும்பாலும் முழுநேர, வாழ்நாள் ஊழியருக்கான வரம்பு. "தன்னார்வலர்", "கூட்டுப்பணியாளர்", "குறுகிய காலப் பணி" என்ற பிரிவுகள் உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

கடிதத்தில் எழுதவேண்டியவை, இந்த வரிசையில்:

1. செய்யக்கூடிய வேலை, அதில் அனுபவம்.
2. நோயின் பெயர், எப்போதிலிருந்து, என்ன மருந்து, கடைசிச் சோதனை முடிவு.
3. என்னால் முடியாதவை. "ஒரு கிலோமீட்டருக்குமேல் ஏற்றத்தில் நடக்க முடியாது", "மருத்துவமனை இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கவேண்டும்" என்று அளவோடு எழுதுங்கள்.
4. செலவை யார் ஏற்பார்கள்: ஓய்வூதியமா, சபையா, சொந்தச் சேமிப்பா.
5. எவ்வளவு காலம். முதல் விண்ணப்பத்தில் ஓராண்டுக்குமேல் கேட்காதீர்கள்.
6. ஆயரின் பரிந்துரைக் கடிதம்.

மூன்றாவது வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முடியாததைச் சொன்னால் விண்ணப்பம் தள்ளப்படும் என்ற பயம். அனுபவமுள்ள செயலர் அதைப் படித்தவுடன் நிம்மதியடைவார். எங்கே வைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

மறுத்துவிட்டால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நோய்தான் காரணமென்றால் ஓராண்டு கழித்து, சோதனை முடிவு மேம்பட்ட பின் மீண்டும் எழுதலாம். லிலியாஸ் டிராட்டர் என்ற ஆங்கிலேய ஓவியரை இதயப் பலவீனத்தால் வட ஆப்பிரிக்க மிஷன் எடுத்துக்கொள்ளவில்லை. 1888-இல் தோழியர் இருவரோடு சொந்தச் செலவில் அல்ஜீரியாவுக்குப் போய், 1928 வரை 40 ஆண்டுகள் அங்கே பணிசெய்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் தனியாகப் போகவில்லை, கடும் வெயில் காலத்தில் ஓய்வுக்கு ஐரோப்பா போய்வரும் வழக்கமும் அவருக்கு உண்டு. சங்கமில்லாமல் சொந்தமாகப் போவதென்றாலும் துணையும், பதில் சொல்லவேண்டிய ஒரு குழுவும், ஓய்வுக்கு நாள் குறித்தலும் கட்டாயம்.

படி 5: ஒத்திகை

நேராக ஜார்க்கண்டுக்கோ ஒடிசாவுக்கோ டிக்கெட் எடுக்காதீர்கள். முதலில் உங்கள் வீட்டிலேயே ஒரு வாரம். ஃபிரிட்ஜ், ஏசி, மிக்ஸி வேண்டாம். வாளித் தண்ணீரில் குளியல், பாய்ப் படுக்கை, இரவில் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். காலையும் மாலையும் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து நோட்டில் குறியுங்கள். அரிசியிலிருந்து கோதுமைக்கும் கிழங்குக்கும் மாறும்போது சர்க்கரை எப்படிப் போகிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து இரண்டு வாரம் நம் மாநிலத்திலேயே ஒரு மலைப்பகுதி: ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை. ஏற்கெனவே அங்கே பணிசெய்கிறவர்களோடு, அவர்கள் சொல்கிற வேலையைச் செய்யுங்கள். பிரசங்கம் செய்யக் கேட்காதீர்கள். கீழே இறங்கியதும் மறுபடி இரத்தச் சோதனை.

அதன் பிறகு ஒன்று முதல் மூன்று மாதம் உண்மையான பணித்தளம். முதல் பயணம் அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் இருக்கட்டும். வட மாநிலத்து மே மாத வெயில் வயதானவர்களுக்கு உயிராபத்து. டிசம்பர் பின்பாதிக் குளிரும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் லேசானதல்ல. கம்பளி எடுத்துச் செல்லுங்கள்.

ரயிலில்: பெண்களுக்கு 45, ஆண்களுக்கு 60 வயது முடிந்திருந்தால் கீழ் பெர்த்துக்கு ஒதுக்கீடு உண்டு. முன்பதிவில் வயதைச் சரியாகக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கொருமுறை எழுந்து நடக்கவேண்டும். நாள் கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையலாம்.

படி 6: பணமும் காப்பீடும்

• மருத்துவக் காப்பீட்டுக்கு முன்பிருந்த 65 வயது வரம்பு 2024 ஏப்ரலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. எனவே நாலைந்து ஆண்டு கழித்துப் போகிற எண்ணமிருந்தாலும் பாலிசியை இன்றே எடுங்கள். விண்ணப்பத்தில் நோயை மறைத்தால் பணம் தேவைப்படும் நாளில் மறுத்துவிடுவார்கள்.
• 70 வயது முடிந்தவர்கள் வருமான வரம்பில்லாமல் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை பெறலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை சிகிச்சை. போகும் மாவட்டத்தில் எந்த மருத்துவமனை அதை ஏற்கிறது என்று முன்பே பார்த்து வையுங்கள்.
• ஓய்வூதியர்கள் ஆண்டுக்கொருமுறை கொடுக்கும் வாழ்நாள் சான்றை இருக்கும் இடத்திலிருந்தே மின்னணு முறையில் கொடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். அது தவறினால் பென்ஷன் நின்றுவிடும்.
• வீடு திரும்பும் செலவு, ஆம்புலன்ஸ் உட்பட, தனிக் கணக்கில் இருக்கட்டும். அதைப் பணித்தளத் தேவைக்குக் கடன் கொடுக்கவேண்டாம், எவ்வளவு நல்ல காரணமானாலும்.

படி 7: மருந்துப் பை

மூன்று மாத மருந்தை இரண்டு பைகளில் சமமாகப் பிரித்து, ஒன்றைத் தோளிலும் ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள். ஒன்று திருடுபோனாலும் மற்றது ஒன்றரை மாதம் வரும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிய்த்து டப்பாவில் கொட்டாதீர்கள். காலாவதித் தேதியும் பெயரும் போய்விடும். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இங்கே கிடைக்கும் கம்பெனி அங்கே கிடைக்காது. மூலப்பெயர் இருந்தால் மக்கள் மருந்தகத்திலும் வாங்கலாம்.

இன்சுலின் போடுகிறவர்கள்: திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும், உறையக்கூடாது. திறந்ததை அதிக வெயில் படாத அறைச் சூட்டில் ஏறக்குறைய நான்கு வாரம் வைத்துப் பயன்படுத்தலாம். ஃபிரிட்ஜ் இல்லாத ஊரில் ஒரு பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து, இடையில் மணலை நிரப்பி, நாளுக்கு இரண்டுமுறை நனைத்து, மேலே ஈரத்துணி மூடினால் உள்ளே குளுமை நிற்கும். குப்பியைப் பாலித்தீன் பையில் கட்டி உள்சட்டியில் வையுங்கள். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்தால் இந்த முறை சரியாக வேலை செய்யாது. அப்போது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஃபிரிட்ஜில் இடம் கேளுங்கள். எப்போதும் தெளிவாக இருக்கும் வகை கலங்கியிருந்தால், அல்லது கட்டி கட்டியாகத் தெரிந்தால், எறிந்துவிடுங்கள்.

பையில் வேறு என்ன: குளுக்கோமீட்டரும் கூடுதல் ஸ்டிரிப்பும், பிரஷர் கருவி, வெப்பமானி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், குளுக்கோஸ் பொடி, மருந்தூட்டிய கொசுவலை, டார்ச், பாதத்தைக் காக்கும் மென்ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்பு இரண்டு ஜோடி. இதய நோய் உள்ளவர்கள் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கட்டும்.

கழுத்திலோ பர்ஸிலோ ஓர் அட்டை: பெயர், இரத்த வகை, நோய், மருந்து, ஒவ்வாமை, இரண்டு போன் எண்கள். தமிழில் மட்டும் எழுதி என்ன பயன்? அந்த ஊர் மொழியிலும் எழுதுங்கள்.

படி 8: பணித்தளத்தில் முதல் 90 நாள்

உங்களுக்கு என்ன நோய், மயங்கினால் என்ன செய்வது என்பதை முதல் நாளே உடனிருக்கும் இருவருக்குச் சொல்லிக் காட்டுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி வியர்த்து நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே வண்டி.

அடிக்கடி நடக்கும் தவறுகள்:

1. உபவாசம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக்கூடாது. அந்த நேரத்தை ஜெபத்துக்குக் கொடுங்கள். கஞ்சி குடித்துவிட்டே ஜெபிக்கலாம்.
2. விசுவாசத்தின் பெயரால் மருந்தை நிறுத்துவது. சுகம் கிடைத்ததென்று நம்பினால் முதலில் பரிசோதனை. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் கையில். தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குப் பவுல் சொன்னது நடைமுறை வைத்தியம்தான்.
3. காய்ச்சலை அலட்சியம் செய்வது. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டுப் பகுதிகளில் மூளையைத் தாக்கும் மலேரியா உண்டு. காய்ச்சல் வந்த அன்றே இரத்தச் சோதனை. வயதானவர்களுக்குக் காய்ச்சல் அதிகம் ஏறாமல், வெறும் சோர்வும் குழப்பமுமாகக்கூட வரும்.
4. தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வயது ஏற ஏறத் தாகம் தெரியாது. மணி பார்த்துக் குடியுங்கள்.
5. இரவில் தனியே எழுந்து போவது. இரவில் தனியாக இருப்பதன் ஆபத்துக்கு ஓர் உதாரணம் உண்டு. மருத்துவர் பால் பிராண்டின் தாயார் ஈவ்லின் பிராண்ட், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் சொந்தப் பொறுப்பில் கல்வராயன் மலையில் தங்கி, மட்டக் குதிரையில் கிராமங்களுக்குப் போய்வந்தவர். 75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவெல்லாம் தரையில் வலியோடு கிடந்தார்; காலையில்தான் வேலையாள் ஒருவர் அவரைப் பார்த்தார். கயிற்றுக் கட்டிலில் நான்கு பேர் மலையிலிருந்து சுமந்து இறக்கினார்கள். குணமானதும் இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றிக்கொண்டு மறுபடி மலைக்கே போய், 95 வயதுவரை வாழ்ந்தார். அவருடைய உறுதியை வணங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ராத்திரியில் தனியாக இருக்கும் ஏற்பாட்டை மட்டும் பின்பற்றாதீர்கள். கழுத்தில் ஒரு விசில், பக்கத்து அறையில் ஓர் ஆள், கழிப்பறை வழியில் ஒரு விளக்கு: மூன்றும் சேர்ந்தும் சில நூறு ரூபாய்தான்.

உடலைக் காப்பதோடு, போகும் இடத்தின் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஒடிசாவில் 1967-லிருந்தே மதமாற்றம் குறித்த சட்டம் இருக்கிறது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், குஜராத், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலும் உண்டு. போகும் மாநிலச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்படி நடங்கள். பணமோ மருந்தோ வேலையோ கொடுத்து யாரையும் விசுவாசத்துக்கு இழுக்காதீர்கள்; சட்டம் இல்லாத ஊரிலும் அது தவறு. உங்கள் மாத்திரையைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கவே கூடாது. அவருடைய உடலுக்கும் ஆபத்து, ஊழியத்துக்கும் ஆபத்து. நோயாளியைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போவதுதான் சரியான உதவி. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் மிஷனரிப் பணிக்குத் தனி அனுமதி பெறவேண்டும்; சுற்றுலா விசாவில் வந்து ஊழியம் செய்வது சட்டமீறல்.

படி 9: திரும்பும் திட்டம்

கிளம்புமுன்பே திரும்புவதற்கான விதியை எழுதிக் கையெழுத்திடுங்கள். எப்பாப்பிரோதீத்து மரணத்துக்கு ஏதுவாக நோயுற்றபோது பவுலே அவரைச் சொந்தச் சபைக்கு அனுப்பிவைத்தார், மதிப்போடு வரவேற்கும்படி கடிதமும் கொடுத்தார். நோயுற்று வீடு திரும்புவது ஊழியத்துக்கு உட்பட்டதே.

தாளில் இருக்கவேண்டியவை:

1. ஆறு மாதத்துக்கொருமுறை முழுச் சோதனை. எந்த எண்ணைத் தாண்டினால் உடனே ஊருக்கு என்ற வரம்பு.
2. திரும்பச் சொல்லும் அதிகாரம் யாருக்கு. நீங்களே முடிவெடுக்கும் நிலையில் இல்லாதபோது உடனிருக்கும் தலைவரும் உங்கள் மருத்துவரும் சேர்ந்து சொன்னால் கீழ்ப்படிவேன் என்ற வரி.
3. உங்கள் வேலையைக் கற்றுக்கொண்டிருக்கும் அந்த ஊர் ஆளின் பெயர். முதல் மாதமே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டாகட்டும், பள்ளிப் பதிவேடாகட்டும், இரண்டு பேருக்குத் தெரியாத எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.
4. தீவிர சிகிச்சை எதுவரை வேண்டும், இறந்தால் அடக்கம் அங்கேயா ஊரிலா என்ற உங்கள் விருப்பம். உயில், வங்கி நாமினி, பென்ஷன் விவரங்கள் இதனுடன் சேரட்டும்.

நான்கு நகல் எடுத்து ஒன்றை ஆயரிடமும் ஒன்றைச் சங்கத்திடமும் ஒன்றை மூத்த பிள்ளையிடமும் கொடுங்கள். நான்காவது உங்கள் மருந்துப் பையில் இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை விடுமுறையில் வரும்போது நான்கையும் வாங்கித் திருத்தி, புதுத் தேதி போட்டுத் திரும்பக் கொடுங்கள்.